ஐந்து மணி நேரம் படித்தும் மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை 4இல் படிக்கிறார். பள்ளியும் இணைப்பாட நடவடிக்கையும் முடிந்து வீட்டுக்கு வந்தபின் தினமும் நான்கைந்து மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்கிறார். வேதியியலுக்கும் ஏ மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதத்துக்கும் டியூஷன் போகிறார். குறிப்பேடு முழுக்க மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஹைலைட்டர் கோடுகள். கேட்டால் "எல்லாம் தெரியும்மா" என்கிறார். தாள் திரும்பி வரும்போது சி5, சி6 என்ற கடைநிலைத் தேர்ச்சிதான். ஆகஸ்ட் கடைசியில் பிரிலிம் என்கிற பள்ளி முன்னோட்டத் தேர்வு, அக்டோபரில் சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்). இன்னும் எத்தனை மணி நேரம் கூட்டுவது, மூன்றாவதாக ஒரு டியூஷன் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

மணி நேரத்தைக் கேட்டிருந்தாலும், உங்களை வாட்டுவது வேறு என்று நினைக்கிறேன். இவ்வளவு உழைக்கிற பிள்ளைக்கு அந்த உழைப்பு ஏன் மதிப்பெண்ணாக மாறவில்லை? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். அது தெரிந்துவிட்டால் டியூஷன் கேள்விக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வேதியியலும் கணிதமும் கற்பித்து வருகிறேன். உங்கள் மகளின் விடைத்தாள்களை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு எங்கே இடறுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒன்றாக வரும்போது காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். படிக்கும் நேரம் முழுவதும் பாடத்தை உள்ளே போடுவதிலேயே போய்விடுகிறது. போட்டதை வெளியே எடுத்துப் பார்க்க நேரமே ஒதுக்கப்படுவதில்லை. தேர்வு மண்டபத்தில் செய்யவேண்டியதோ வெளியே எடுக்கும் அந்த ஒரு வேலையைத்தான்.

இது என் அனுபவம் மட்டும் சொல்கிற விஷயமில்லை. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் அதைப் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாகப் பதினான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு முதல் அமர்வில் மட்டும் படித்தது. மீதி மூன்று அமர்வுகளிலும் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதியது. இவர்கள் படித்தது மூன்று நான்கு முறைதான். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடு நினைவு வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் பதினான்கு முறை படித்த குழுவினர்தான்.

உங்கள் மகள் "எல்லாம் தெரியும்மா" என்று சொல்வது பொய் இல்லை என்பதை இதைக் காட்டித்தான் பெற்றோர்களுக்குச் சொல்வேன். இரவு பதினொரு மணிக்கு, குறிப்பேடு திறந்திருக்கும்போது, அவருக்கு உண்மையாகவே தெரிந்ததுபோலத்தான் இருக்கிறது. காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து தேக்கா சந்தைக்கு ஐம்பது முறை போன பிள்ளைக்கு வழியில் வரும் ஒவ்வொரு கட்டடமும் பழக்கமாகத்தான் இருக்கும். தனியாகப் பேருந்தில் போகச் சொன்னால்தான் எங்கே இறங்குவது என்று தடுமாறும். பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு திறன், பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு திறன். முதலாவதைப் பயிற்சி செய்தால் இரண்டாவது வந்துவிடாது.

2013இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்கள் நால்வரும் மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசி எடைபோட்டார்கள். அதிகப் பயன் தரும் என்று அவர்கள் சொன்னது இரண்டை மட்டும்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாள் இடைவெளி விட்டுப் பிரித்துச் செய்வது. ஹைலைட்டர் போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் என்ற பட்டியலில் வந்தன. சுருக்கம் எழுதுவதும் அதே பட்டியல்தான். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் செய்வது இந்த மூன்றையும்தான். ஹைலைட்டரைப் பிடுங்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் எது முக்கியம் என்று குறித்துக்கொள்ள அது உதவட்டும். கோடு போட்டு முடித்ததோடு பாடம் முடிந்துவிட்டதாக எண்ணுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சரி, இதை எப்படிச் செய்வது? வேதியியலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் மதிப்பெண் எங்கே கசிகிறது என்பது உதாரணத்தில்தான் தெரியும். உப்பு தயாரித்தல் என்ற பாடத்தில் காப்பர் சல்பேட் படிகம் எப்படிச் செய்வது என்று ஒரு கேள்வி வரும். குறிப்பேட்டைப் படிக்கும்போது மிக எளிது: நீர்த்த சல்ஃபியூரிக் ஆசிட், காப்பர் ஆக்ஸைடு, வடிகட்டு, சூடாக்கு, படிகம். பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். இப்போது குறிப்பேட்டை மூடி, வெள்ளைத் தாளில் முழு விடையையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் வருவது, "ஆசிட்டில் காப்பர் ஆக்ஸைடைப் போட்டு வடிகட்டி, நீர் வற்றும்வரை சூடாக்கவேண்டும்" என்பதுதான். ஆக்ஸைடை இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு மிகுதியாகப் போடவேண்டும் என்பது விட்டுப்போயிருக்கும். நீர் முழுக்க வற்றும்வரை சூடாக்கினால் படிகத்தில் உள்ள நீரும் போய் நீல நிறமே வெளுத்துவிடும். கரைசல் செறிவடையும்வரை சூடாக்கி, ஆறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் குளிர்ந்த வாலை வடிநீரால் கழுவி, வடிதாள்களுக்கு இடையே ஒற்றி உலர்த்தவேண்டும். ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் காத்திருக்கிறது. பத்து முறை படித்தாலும் கண்ணில் படாத இந்த ஓட்டைகள் ஒருமுறை எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் குறிப்பேட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கட்டும். அந்தப் பேனாவில் எழுதியது மட்டும்தான் அவர் அடுத்து படிக்கவேண்டியது. மற்றதை விட்டுவிடலாம். நேரம் மிச்சமாவது இங்கேதான். முதல் ஒன்றிரண்டு வாரம் இது கசக்கும். "எழுத முடியலை, எனக்கு ஒண்ணுமே தெரியலை" என்று பிள்ளை சோர்ந்துபோகும். நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் பதிகிறது என்பதை அப்போதே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மனம் இதமாக இருக்கும் பழைய முறைக்கே திரும்பிவிடும்.

அடுத்து இடைவெளி. 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளந்து எழுதிவைத்தார். மறதி முதல் நாளிலேயே பெருமளவு வந்துவிடுகிறது, பிறகு வேகம் குறைகிறது. 2015இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஏறத்தாழ அதே முடிவைக் கண்டார்கள். இதற்கு மருந்து, மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்பது. எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. 2008இல் 1,350 பேருக்கு மேல் வைத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று, சோதனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியும் நீளவேண்டும் என்று காட்டியது. அடுத்த வாரம் சோதனை என்றால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி போதும், பல மாதம் கழித்து என்றால் வாரக் கணக்கில் விடலாம். மூன்று மாதம் கையில் இருக்கும் உங்கள் மகளுக்கு நான் சொல்வது இது: ஒரு பாடத்தை எழுதிப் பார்த்தபின், மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை. நாட்கள் முன்பின் ஆனால் குடி முழுகிப்போகாது. சுவர் நாட்காட்டியில் பாடத்தின் பெயரை அந்தந்த நாளில் எழுதிவைத்தால் போதும், செயலி எதுவும் தேவையில்லை.

சனிக்கிழமை முழுக்க வேதியியல், ஞாயிறு முழுக்க கணிதம் என்று ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கம். அதே ஆறு மணி நேரத்தை வாரத்தில் நான்கு நாளுக்குப் பிரித்துப் போட்டால் கூடுதலாக ஒரு நிமிடம்கூடச் செலவில்லாமல் பலன் கூடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணிதத்துக்கு வருகிறேன். இங்கேதான் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பிராஸ் பசாவிலும் பாப்புலர் கடையிலும் வாங்குகிறோமே, டென் இயர் சீரிஸ் என்ற பழைய தேர்வுத் தாள் தொகுப்பு, அது இரண்டு வகையாக வரும். ஒன்று தலைப்பு வாரியாக, இன்னொன்று ஆண்டு வாரியாக. பிள்ளைகளுக்குப் பிடித்தது தலைப்பு வாரியானது. திரிகோணமிதிப் பகுதியை எடுத்தால் வரிசையாக முப்பது கணக்கு. முதல் மூன்று கொஞ்சம் முக்கும், பிறகு கை தானாக ஓடும். "3 சைன் எக்ஸ் + 4 காஸ் எக்ஸ் இதன் உச்ச மதிப்பு என்ன" என்று கேட்டால் உடனே ஆர் ஃபார்முலா (சைனையும் காஸையும் ஒன்றாகச் சேர்க்கும் சூத்திரம்) போட்டு 5 என்று எழுதிவிடுவார். அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே ஆர் ஃபார்முலா என்று அச்சடித்திருக்கிறதே! தேர்வில் அதே கணக்கு ஒரு இயந்திரக் கையின் உயரத்தைப் பற்றியோ கடல் அலையைப் பற்றியோ வரும், தலைப்பு இருக்காது. "இந்தக் கோடு அந்த வளைகோட்டைத் தொடவே தொடாது" என்று இருக்கும், டிஸ்கிரிமினன்ட் (இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டா என்று காட்டும் அளவு) என்ற சொல்லே வராது. எந்த முறையைக் கையில் எடுப்பது என்று தீர்மானிப்பதுதான் பாதிக் கணக்கு. தலைப்பு வாரியான பயிற்சியில் அந்தப் பாதியைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது.

இதற்கும் ஆய்வு உண்டு. 2007இல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சி நேரத்தில் வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரியாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. இது சின்னச் சோதனை. ஆனால் 2020இல் ரோரரும் சகாக்களும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து 54 வகுப்பறைகளில் பல மாதம் நடத்திய ஆய்விலும் கலந்து செய்தவர்கள் 61, வகைவாரியாகச் செய்தவர்கள் 38 என்று வந்தது. ஆகவே, ஒரு தலைப்பைப் புதிதாகப் படிக்கும்போது தலைப்பு வாரியாகச் சில கணக்குகள் செய்யட்டும், கை பழக அது வேண்டும். கை பழகியதும் ஆண்டு வாரியான தாளுக்கு மாறவேண்டும். முழுத் தாள் செய்ய நேரமில்லாத நாளில் வெவ்வேறு தலைப்பிலிருந்து ஐந்து கணக்குகளை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்து கொடுக்கலாம்.

கணக்கு வரவில்லை என்றதும் பின்பக்க விடையைப் புரட்டுவது இன்னொரு பழக்கம். விடையைப் படித்து "ஓ, அப்படியா" என்று சொல்வதும் திரும்பப் படிப்பதில் ஒரு வகைதான். குறைந்தது பத்து நிமிடமாவது முட்டிமோதிப் பார்த்துவிட்டுப் புரட்டட்டும். மனு கபூர் என்பவர் இங்கே தேசிய கல்விக் கழகத்தில் இருந்தபோது நம் உயர்நிலைப் பள்ளிகளிலேயே இதைச் சோதித்தார். திட்ட விலக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் முன்பே, தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை அளக்க ஒரு வழியை மாணவர்களே கண்டுபிடிக்க முயலட்டும் என்று விட்டார். யாருக்கும் சரியான விடை வரவில்லை. ஆனால் பிறகு ஆசிரியர் விளக்கியபோது, முதலிலேயே விளக்கம் கேட்டவர்களைவிட இவர்களுக்குக் கருத்து ஆழமாகப் புரிந்திருந்தது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. முட்டிமோதியபின் தெளிவான விளக்கம் கிடைத்தாகவேண்டும். கிடைக்காவிட்டால் வெறும் விரக்திதான் மிஞ்சும். விடையைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கை ஒரு வாரம் கழித்து, எதையும் பார்க்காமல் மறுபடி செய்யவேண்டும். அப்போது வந்தால்தான் அது அவருடையது.

தவறுகளுக்கென்று ஒரு தனி நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு தாளிலும் மதிப்பெண் போன இடத்தை எடுத்து, ஏன் போனது என்று ஒரு வரி எழுதவேண்டும். பாடமே புரியவில்லையா, புரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தாரா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "கேர்லெஸ்" என்று எழுதிவிடுவார்கள். ஒரே வகைக் கணக்கில் மூன்று முறை கேர்லெஸ் என்றால் அது கவனக்குறைவு ஆகாது, அங்கே ஏதோ புரியாமல் இருக்கிறது. புரியாத இடத்தில் நான் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் வெளியே எடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்குப் பள்ளி ஆசிரியரிடம்தான் போகவேண்டும். உயர்நிலை 4 பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் ஆசிரியரைப் பார்த்துச் சந்தேகம் கேட்கும் நேரம் பெரும்பாலும் இருக்கும். கூச்சத்தால் போகாத பிள்ளைகள்தான் அதிகம். "மோல் பாடம் புரியலை" என்று போனால் ஆசிரியருக்கும் கஷ்டம், குறிப்பிட்ட மூன்று கணக்கோடு போனால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும்.

சமூகவியலும் வரலாறும் என் பாடங்கள் இல்லை, அதனால் அதிகம் பேசமாட்டேன். ஆதாரங்களைப் படித்து விடை எழுதும் கேள்விகளில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு, எழுதி எழுதித் திருத்தம் வாங்குவதுதான் வழி என்று அந்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தப் பாடமானாலும் தேர்வுகளைக் கவனிக்கும் சிங்கப்பூர்த் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகத்தின் (SEAB) இணையத்தளத்தில் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தத் தாளுக்கு எவ்வளவு எடை, நினைவுக்கு எவ்வளவு, பயன்படுத்தும் திறனுக்கு எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து இருவரும் அதைப் படியுங்கள். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் (என் லெவல்) தேர்வுகள் போய் ஒரே சான்றிதழ்த் தேர்வு வருகிறது. தம்பி தங்கைகள் எழுதப்போவது அதைத்தான். தேர்வின் பெயர் மாறினாலும் நினைவு வேலை செய்யும் விதம் மாறாது.

இதுவரை சொன்னவற்றுக்கு வலுவான ஆதாரம் உண்டு. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை, ஆனால் ஆளாளுக்கு உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "பார்த்துப் படிக்கிற பிள்ளை, கேட்டுப் படிக்கிற பிள்ளை" என்று வகை பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்பது பிரபலமான கருத்து. 2008இல் ஒரு குழு இதைத் தீர ஆராய்ந்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. அந்தப் பெயரில் காசு வாங்கும் வகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு என்கிற முறை சிலருக்கு உட்கார உதவுகிறது, உதவினால் செய்யட்டும், அந்த 25இல் மந்திரம் எதுவும் இல்லை. மடிக்கணினியைவிடக் கையால் குறிப்பெடுத்தால் நன்றாகப் பதியும் என்ற 2014ஆம் ஆண்டு ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது, பின்னால் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு முடிவு அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தேர்வைக் கையால்தான் எழுதப்போகிறார்கள், அதனால் கையால் எழுதிப் பழகுவதில் நட்டமில்லை.

தூக்கத்தில் சமரசம் வேண்டாம். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. காலை ஏழரைக்குப் பள்ளி ஆரம்பிக்கும் ஊரில் இது கடினம் என்பது எனக்குத் தெரியும். எட்டு முடியாவிட்டாலும் ஏழுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். படித்தது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில். இரவு ஒரு மணிவரை விழித்துப் படிக்கும் அந்தக் கடைசி இரண்டு மணி நேரம், மறுநாள் வகுப்பில் நாலு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். மணி நேரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பள்ளி நாளில் மூன்று மணி நேரம் போதும். அதில் பாதிக்கு மேல் குறிப்பேடு மூடியிருக்கவேண்டும். அந்த நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைப்பது போதாது. மூன்றாவது டியூஷன் வேண்டாம் என்பது என் கருத்து. டியூஷனும் பெரும்பாலும் உள்ளே போடும் வேலைதான், தவிர போகவர ஆகும் நேரம் வேறு. இருக்கிற இரண்டு டியூஷன் ஆசிரியர்களிடமும் ஒன்று கேளுங்கள்: வகுப்பின் முதல் பத்து நிமிடம், போன வாரப் பாடத்திலிருந்து பார்க்காமல் எழுதும் ஒரு சின்னச் சோதனை வைக்க முடியுமா? நல்ல ஆசிரியர் மறுக்கமாட்டார்.

நீங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "எனக்கு வேதியியல் தெரியாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியவேண்டியதில்லை. சமையல் முடித்தபின் பதினைந்து நிமிடம், அவருடைய குறிப்பேட்டை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். "ஏன் மிகுதியாகப் போடணும்? கொஞ்சமாப் போட்டா என்ன ஆகும்?" அவர் உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வரியைத் தமிழில் அப்படியே ஒப்பிக்க முடியாது, புரிந்திருந்தால்தான் சொல்ல முடியும். சொல்லத் தடுமாறினால் அந்த இடம் அவருக்கே புரியவில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிடும். பிறகு அதையே தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களில் ஒருமுறை எழுதிவிடட்டும், ஏனென்றால் மதிப்பெண் அந்தச் சொற்களுக்குத்தான். இந்தப் பதினைந்து நிமிடத்தில் அதட்டல் மட்டும் கூடாது. தவறான விடைக்குத் திட்டு விழுந்தால் அடுத்த நாளிலிருந்து "எல்லாம் தெரியும்" என்றே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் பார்க்காமல் எழுதும்போது நன்றாக வந்து, தேர்வு மண்டபத்தில் மட்டும் கை நடுங்கி மறந்துபோகிறது என்றாலோ, தூக்கம், சாப்பாடு குறைந்து அழுகை கூடினாலோ, நான் சொன்ன முறைகள் அதற்கு மருந்தல்ல. பள்ளி மனநல ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது வகுப்பாசிரியரிடம் நீங்களே பேசுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார்.

கடைசியாக பிரிலிம் பற்றி. புதிய முறைக்கு மாறி ஆறு வாரத்தில் பிரிலிம் வந்துவிடும். அதற்குள் மதிப்பெண் துள்ளிக் குதிக்காது, ஒன்றிரண்டு பாடத்தில் அசைவு தெரிந்தாலே நல்லது. நம் பள்ளிகள் பலவற்றில் பிரிலிம் தாளைச் சற்றுக் கடினமாகவே அமைப்பார்கள், ஆகவே அந்த மதிப்பெண்ணைக் கண்டு வீட்டில் இழவு விழுந்ததுபோல ஆகிவிட வேண்டாம். பிரிலிம் முடிந்து ஓ லெவல் எழுத்துத் தாள்கள் தொடங்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும். அந்த மாதத்துக்கு வேறு பள்ளித் தாள்களை அள்ளிக் குவிக்கும் முன், அவருடைய சொந்த பிரிலிம் தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்வியையும் வெள்ளைத் தாளில், விடையைப் பார்க்காமல், மறுபடி எழுதட்டும். அதில் வராதவை மட்டும் தவறு நோட்டுக்குப் போகட்டும். அக்டோபர் முழுக்க அவர் படிக்கவேண்டியது அந்த நோட்டைத்தான்.